இருபத்துநாலு டிகிரி பொறுமை

ராசம்மாள் கேட்டது ஒரு கக்கூஸ். வேறொன்றும் இல்லை. நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். கூரையைக்கூட அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள். அதற்குப் பதிலாக, முன்பின் தெரியாத ஆளோடு ஐந்நூறு ரூபாயை எப்படிப் பங்குபோடுவாய் என்று கேட்கிற ஒரு கூட்டத்தை அவளிடம் அனுப்பிவைத்தார்கள். கோபம் வருகிறதா? இருங்கள். இப்போதே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் கடைசியில் கைவசம் இருக்காது.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் இறங்கி, வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்தி, பாத்தியை விட்டால் வரப்பு, வரப்பை விட்டால் வானம். ஓர் ஆள் மறைய இடம் கிடையாது. ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் விடிகிற நேரத்துக்கு வீட்டில் போய்விட்டு வந்தால், வேலை முடிந்து திரும்பவும் வீட்டில்தான். முன்பெல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேலிக்காத்தான் புதர் இருந்தது. இருபது நிமிடம் நடந்தால் ஒதுங்கலாம். போன வருடம் யாரோ அந்த இடத்தை வாங்கி, புதரை வழித்துத் தள்ளி, கம்பி வேலி போட்டு, 'கடல் பார்த்த மனைகள்' என்று போர்டு வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெண்கள் கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்று. தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலில், உப்புக்கு நடுவில், தண்ணீர் குடிக்காமல்.

ராசம்மாளுக்கு ஜோடி அஞ்சம்மாள். அங்கே தனி ஆளாக யாரும் கூடை சுமக்க முடியாது. முப்பது கிலோ ஈர உப்பைத் தானே குனிந்து தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிற மனுஷி இன்னும் பிறக்கவில்லை. ஒருத்தி தூக்கிவிட வேண்டும், ஒருத்தி சுமக்க வேண்டும். ஐம்பது நடைக்கு ஒருதரம் மாறிக்கொள்வார்கள். கூலி சரிபாதி. ஒருத்திக்கு உடம்பு முடியாத அன்று மற்றவளே நூறு நடையும் சுமப்பாள், அன்றைக்கும் சரிபாதிதான். இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் மீறுவதற்கு வழி கண்டுபிடித்திருப்பார்கள்.

பதினோரு வருடமாக ஜோடி. அஞ்சம்மாள் ஆறு வயது இளையவள், வாயாடி, சுமக்கும்போதுகூடப் பேசிக்கொண்டே நடப்பாள். மாசி மாதம் அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் வலி, சொட்டுச் சொட்டாக நெருப்பு மாதிரி. ராசம்மாள்தான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கவே கூடாது. ஏற்கெனவே ரெண்டு தடவை இந்தக் காய்ச்சல் வந்திருக்குது. இன்னும் இப்படியே போச்சுன்னா கிட்னி போயிடும், சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அஞ்சம்மாள் கேட்டாள். "மூணு லிட்டர் குடிச்சிட்டு எங்கக்கா போறது?"

 அதனால்தான் ராசம்மாள் மனு எழுதினாள்.

கடலோரத் தொழிலாளர் நல்வாழ்வுத் திட்ட அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதன் சிறப்பு அலுவலர் கார்த்திகேசன் மனுவை இரண்டுமுறை படித்தார். படித்துவிட்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல ராசம்மாளைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டதைக் குடுக்குறது பழைய நிர்வாகம்மா. கேட்டவங்களுக்கு உண்மையிலேயே அது வேணுமான்னு அளந்து பாத்துக் குடுக்குறதுதான் இப்ப."

"வேணுங்கய்யா. அதனாலதான கேக்குறேன்."

"நீ வாயால கேக்குற. வாய் சொல்றது வேற, மனசு விரும்புறது வேற. அதை விஞ்ஞானபூர்வமா அளக்குறதுக்குன்னே ஒரு மையம் இருக்குது. அவங்க வருவாங்க. நாங்க நெனச்சதை உங்க தலையில கட்டுன காலமெல்லாம் போயிடுச்சு."

அவருக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. 'அலுவலர்களுக்கு மட்டும்' என்று எழுதி, பித்தளைத் தாழ்ப்பாள் வைத்த கதவு. பேச்சின் நடுவே கார்த்திகேசன் எழுந்து அதற்குள் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசினார். அவருடைய விருப்பத்தை யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் பொருளாதார விருப்ப அளவீட்டு மையத்திலிருந்து ரேகா வந்தாள். வானூர்ப் பக்கத்துப் பெண். எம்.காம். படித்தவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொடுதிரை டேப். ஒரு படிவம் முடித்தால் இவ்வளவு என்று அவளுக்குக் கூலி. அதாவது அவளும் கூடை சுமக்கிறவள்தான்; கூடையின் வடிவம் வேறு. வரப்பின்மேல் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராசம்மாள் எதிரே குத்துக்காலிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு நூறு ரூபா வேணுமா, ஒரு மாசம் கழிச்சு நூத்தம்பது வேணுமா?"

"யாரு குடுக்குறாங்க?"

"யாரும் குடுக்கலக்கா. சும்மா கேள்விதான்."

"குடுக்காத காசு இன்னைக்கு வந்தா இன்னா, அடுத்த மாசம் வந்தா இன்னா?"

"அப்படி ஒரு பதில் இதுல இல்லக்கா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

ராசம்மாள் இன்றைக்கு என்றாள். உடனே நூற்றைம்பது நூற்றறுபது ஆனது. பிறகு நூற்றெழுபது. இப்படியே கொடுக்காத பணம் ஏறிக்கொண்டே போய் முப்பத்திரண்டாவது கேள்வியில் நின்றது. அடுத்தது பூவா தலையா. பூ விழுந்தால் முந்நூறு, தலை விழுந்தால் ஒன்றும் கிடையாது; சுண்டவே வேண்டாம் என்றால் சும்மா நூறு. துணிச்சலை அளக்கிறார்களாம்.

"போன ஆடியில ஒரே ஒரு மழை பேஞ்சுது பாப்பா. நாப்பது நாளு காயவெச்ச உப்பு, காலையில வந்து பாத்தா தண்ணி. நாங்க தினமும் சுண்டிப் பாத்துக்கினுதான் இருக்கோம். இதுல நீ வேற."

"அப்ப துணிச்சல் ஜாஸ்தின்னு போட்டுக்கவா?"

"போட்டுக்க. உனக்கு எதுல தோதோ அப்படிப் போட்டுக்க."

"கடைசியா ஒண்ணுக்கா. உங்களுக்குப் பொறுமை எவ்வளவுன்னு ஒரு நம்பர்ல சொல்லுங்க."

இங்கேதான் வினை வந்தது. ராசம்மாளுக்கு ஒரே ஒரு அளவுதான் தெரியும். பாத்தித் தண்ணீரில் மேஸ்திரி தங்கராசு ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. பத்தில் ஒன்றும் நடக்காது. வெயில் குடிக்கக் குடிக்க ஏறி, இருபத்துநாலைத் தொட்டால் உப்பு பூக்கும். அதுவரைக்கும் பொறுக்கிறதுதான் அந்த ஊரில் பொறுமை. முப்பதைத் தொட்டுவிட்டால் தண்ணீர் கசந்துபோகும். அதை ஒரு நிமிடம் வைத்திருக்கக் கூடாது, வரப்பை வெட்டி வெளியே விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பாத்தி மொத்தமும் பாழ்.

"இருபத்துநாலு போடு," என்றாள் ராசம்மாள்.

"பத்துக்குள்ளதான்க்கா சொல்லணும்."

"பத்துல இன்னா இருக்குது? வெறுந்தண்ணி. இருபத்துநாலு போடு."

ரேகா இரண்டை அழுத்தினாள், நாலை அழுத்தினாள். திரையில் அந்தக் கட்டத்துக்குள் ஓர் இலக்கம்தான் பிடிக்கும். நாலு வெளியே நின்றுவிட்டது. ராசம்மாளின் பொறுமை இரண்டு என்று பதிவானது. நாற்பது பெண்களில் முப்பத்தாறு பேர் இருபத்துநாலு சொன்னார்கள். முப்பத்தாறும் இரண்டு ஆனது.

"கக்கூஸ் வேணுமா வேணாமான்னு எப்பக் கேப்ப?" என்றாள் ராசம்மாள்.

ரேகா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அந்தக் கேள்வி இதுல இல்லக்கா."

சொல்லிவிட்டு எழுந்தவள் அப்படியே நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டு டீ, ஒரு பாட்டில் தண்ணீர். முகம் சிவந்துபோய், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, இங்க பாத்ரூம் எங்க?"

அஞ்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். "ஏன் பாப்பா, உன் டேப்ல தேடிப் பாரேன்!" என்றாள். பிறகு அவளே போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து பெண்கள் முதுகைக் காட்டி வட்டமாக நின்று, முந்தானைகளை விரித்துப் பிடித்தார்கள். நடுவில் அந்தப் பிள்ளை உட்கார்ந்தது. எழுந்தபோது அழுதுகொண்டிருந்தது.

அழுகைக்குப் பலன் உடனே கிடைத்தது. பத்தே நாளில் வரப்பு ரோட்டில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு நடமாடும் கழிப்பறை வண்டி வந்து நின்றது. உள்ளே கண்ணாடி, சோப்பு, காற்றாடி. ராசம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு, பூட்டுக்கு மேல் போர்டு: 'அளவீட்டுக் குழுவின் பயன்பாட்டுக்கு மட்டும்.' சாவி அடையாள அட்டையோடு சேர்ந்து ரேகா போன்றவர்களின் கழுத்தில் தொங்கியது.

மையத்தின் இயக்குநர் முனைவர் சித்தார்த்தன் அன்றைக்கு நேரில் வந்திருந்தார். மெலிந்த மனிதர், கடுஞ்சொல் பேசாதவர். பக்குவமாக விளக்கினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க இதைப் பயன்படுத்திட்டீங்கன்னா, கழிப்பறை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா விருப்பம் மாறிடும். மாறிட்ட விருப்பத்தை நாங்க எப்படி அளக்குறது? உங்க நல்லதுக்குத்தான் பூட்டியிருக்குது."

"எங்க வூட்ல கக்கூஸ் இருக்குது சார். எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்," என்றாள் ராசம்மாள்.

"வீட்டு விருப்பம் வேற, வேலையிட விருப்பம் வேற," என்றார் அவர், வருத்தத்தோடு.

வைகாசியில் சோதனைகள் ஆரம்பித்தன. புயல் பாதுகாப்பு மையத்தில் அட்டைத் தடுப்புகள் வைத்துப் பெண்களைத் தனித்தனியாக உட்காரவைத்தார்கள். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், நிஜ நோட்டு. அடுத்த அறையில் ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று உனக்குத் தெரியாது, நீ யாரென்று அவருக்குத் தெரியாது. அவருக்கு எவ்வளவு கொடுக்க விருப்பமோ அதைக் கவரில் போடு, மீதி உனக்கு. ஒன்றுமே போடாமலும் இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

நாற்பது கவர் வந்தது. நாற்பதிலும் இருநூற்றைம்பது.

சித்தார்த்தனின் முகம் வாடிவிட்டது. பெண்கள் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று சந்தேகப்பட்டார். கையில் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"யாருக்கும் தெரியாதும்மா. நீங்க முழுசா வெச்சிக்கலாம். சுயநலத்தை நாங்க குறை சொல்லவே மாட்டோம். அது கொஞ்சமாவது இருந்தாத்தான் எங்களால அளக்க முடியும். தயவுசெஞ்சு இயல்பா இருங்க."

"கடவுளுக்கும் தெரியாதா சார்?" என்று கேட்டாள் ராசம்மாள். அவள் சகாயமாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிறவள்.

"தெரியாது," என்று உறுதி கூறினார் முனைவர்.

இரண்டாம் முறையும் இருநூற்றைம்பதுதான் வந்தது. மூன்றாம் முறை அவர் வேறு விதமாக முயன்றார். அடுத்த அறையில் இருப்பவர் எந்த வேலையும் செய்யவில்லை என்று எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். ராசம்மாள் யோசித்தாள். வேலை செய்யவில்லை என்றால் உடம்பு முடியவில்லை என்றுதானே அர்த்தம்? பாவம், மருந்துச் செலவு வேறு இருக்கும். முந்நூறு போட்டாள். அவளைப் போலவே நாற்பது பேரும் யோசித்திருந்தார்கள். அன்று மாலை முனைவர் தம் குறிப்பேட்டில், 'இப்பகுதிப் பெண்களுக்குக் கேள்வி புரியவில்லை' என்று எழுதிக்கொண்டார். கொடுத்த பணம் முழுதும் சோதனைப் பொருள் என்பதால் திரும்ப வாங்கிக்கொள்ளப்பட்டது.

மறுநாள் ஐஸ் தண்ணீர்ச் சோதனை. உப்பளத்திலேயே, பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆளுக்கு ஒரு பாட்டில் ஐஸ் தண்ணீரைக் காலடியில் வைத்தார்கள். பாட்டிலுக்கு வெளியே வேர்த்து வழிந்தது. மூன்று மணிவரை குடிக்காமல் இருந்தால் இன்னொரு பாட்டில் தருவார்கள். இடையில் குடித்துவிட்டால் அதோடு சரி.

மூன்று மணிக்கு நாற்பது பாட்டிலும் மூடி திறக்காமல் இருந்தன.

சித்தார்த்தனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நாலரைக்கு மறுபடி வந்து பார்த்தார். அப்போதும் யாரும் குடிக்கவில்லை. எண்பது பாட்டில்களும் மடியிலும் கூடையிலுமாக வீட்டுக்குப் போகக் காத்திருந்தன. இத்தனை வருட ஆராய்ச்சியில் இப்படி ஒரு பொறுமையை அவர் கண்டதில்லையாம். கைபேசியில் யாரிடமோ ஆங்கிலத்தில் கத்தினார்.

ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அதில் இல்லை.

அஞ்சம்மாளும் குடிக்கவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது. "குடிச்சுத் தொலைடி. டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்று ராசம்மாள் அதட்டினாள்.

"குடிச்சிட்டு இத்தனை ஆம்பளைங்க, கேமரா, இதுக்கு நடுவுல எங்கக்கா உக்காருவேன்? நீங்க அஞ்சு பேரு சுத்தி நிப்பீங்க. அவனுங்க அதையும் போட்டோ எடுப்பானுங்க." அவள் பேச்சில் அந்தப் பழைய வேகம் இல்லை. "வூட்டுக்குப் போயிக் குடிச்சிக்கிறேன்."

அன்றைக்கு ராத்திரி அவளுக்கு மறுபடியும் குளிர் காய்ச்சல். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள். தூக்கிவிட மட்டும்தான் முடிந்தது. ராசம்மாள் நூறு நடையும் சுமந்தாள். ஆனி முழுக்க அப்படியே போயிற்று. தங்கராசு பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அந்த மட்டுக்கும் மனுஷன்.

ஆடியில் 'விருப்ப அறிக்கை' வெளியீட்டு விழா. மண்டபத்தில் வைக்கலாம் என்று கார்த்திகேசன் சொன்னாராம்; வெள்ளைப் பின்னணி போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று உப்பளத்திலேயே பந்தல் போட்டார்கள். மேடைக்கு ஏர்கூலர். மேடைக்குப் பின்னால், விருந்தினர்களுக்காகப் பூமாலை போட்டு, அந்த வெள்ளைப் பச்சை வண்டி. நாற்பது பெண்களும் முன்வரிசையில். அஞ்சம்மாள் ராசம்மாளின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வரவேண்டாம் என்றுதான் ராசம்மாள் சொன்னாள். வராதவர்களுக்கு அன்றைய கூலி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தார்த்தன் பேசினார்.

"வாயால் கேட்டபோது இந்தப் பெண்களின் பொறுமை பத்துக்கு இரண்டு. நடத்தையால் சோதித்தபோது பத்துக்குப் பத்து! கொளுத்தும் வெயிலில், கண்ணெதிரே ஐஸ் தண்ணீர் இருந்தும், ஒருவர்கூட ஒரு மிடறு அருந்தவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? தங்களுக்கு அவசரம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. இவர்களைவிட இவர்களை நாங்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதில் எங்களுக்குப் பெருமை."

கைதட்டல். அடுத்து கார்த்திகேசன்.

"அவசரம் இல்லாதவங்களுக்கு அவசரப்பட்டு ஒண்ணைக் குடுக்குறது, அவங்க பொறுமையை அவமதிக்கிற செயல். அந்தத் தப்பை இந்த நிர்வாகம் செய்யாது. அதனால உப்பளத்தை ரெண்டாப் பிரிச்சுச் சீட்டுக் குலுக்கினோம். வடக்குப் பாத்திக்குக் கழிப்பறை. தெற்குப் பாத்தி ஒப்பீட்டுக் குழு. மூணு வருஷத்துக்கு அங்க எதையும் செய்யமாட்டோம். ஏன்? ஒண்ணுமே கிடைக்காதவங்க இருந்தாத்தானே, கிடைச்சவங்களுக்கு என்ன லாபம்னு தெரியும்? தெற்குப் பாத்தித் தாய்மார்கள்தான் இந்தத் திட்டத்தோட உயிர்நாடி. வடக்குப் பாத்திக்கு, அளவீட்டுச் செலவு போக மீதி இருக்குற தொகையில, முதல் கட்டமா ஒரு கதவு வாங்கியாச்சு."

கதவு மேடையில் நின்றது. நல்ல கதவு. ரிப்பன் கட்டியிருந்தது. ஒரு விருந்தினர் ரிப்பனை வெட்ட, இன்னொருவர் அதைத் திறந்து அந்தப் பக்கம் போய், எல்லோரும் கைதட்டியதும் இந்தப் பக்கம் வந்தார்.

ராசம்மாளும் அஞ்சம்மாளும் தெற்குப் பாத்தி.

மனு கொடுத்தவள் என்பதால் ராசம்மாளை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். சித்தார்த்தன் மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்து, "இந்த ஆய்வில் பங்கேற்றதில் உங்கள் திருப்தி எவ்வளவு? ஒரு எண்ணில் சொல்லுங்கள்," என்றார்.

ராசம்மாள் கீழே பார்த்தாள். அஞ்சம்மாள் காலியான நாற்காலிமேல் சரிந்து, அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது," என்றாள்.

பத்துக்குள் சொல்லச் சொல்லி முனைவர் சிரித்தார். சபையும் சிரித்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கராசு மட்டும் சிரிக்கவில்லை. "போச்சு, வரப்ப வெட்டிட்டா," என்று முணுமுணுத்தார்.

ராசம்மாள் பொன்னாடையோடு இறங்கினாள். அஞ்சம்மாளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள். பதினோரு வருடப் பழக்கம், எங்கே பிடித்தால் எழும் என்று கைக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போனாள். வண்டி டிரைவர் குறுக்கே வந்தான்.

"யம்மா, ஸ்டாஃபுக்கு மட்டும்தான். போர்டு பாக்கல?"

"தள்ளு."

"சாவி என்கிட்ட இல்ல."

"தள்றியா, உன்னையும் சேத்துத் தள்ளணுமா?"

பின்னாலேயே ரேகா ஓடி வந்தாள். கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி, அதில் கோத்திருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள். இரண்டு பேரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, முதுகைக் கதவுக்குக் காட்டி, துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு இருக்கும்போது துப்பட்டா எதற்கு? அவளுக்கே தெரிந்திருக்காது.

உள்ளே காற்றாடி சுற்றியது. சோப்பு மணத்தது. தாழ்ப்பாள் போட்டாயிற்று. அஞ்சம்மாள் உட்கார்ந்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ராசம்மாளின் கையை நெரித்தாள். வந்தபோது ரத்தமாக வந்தது.

வெளியே சித்தார்த்தனின் குரல் கேட்டது. "ஐயோ, தெற்குப் பாத்தி! ஒப்பீட்டுக் குழுவை உள்ள விட்டுட்டீங்களே! மூணு வருஷ ஆய்வு போச்சே! எத்தனை நிமிஷம் உள்ள இருக்காங்கன்னாவது குறிச்சுக்கோங்க ரேகா!"

"அந்தக் கேள்வி இதுல இல்ல சார்," என்றாள் ரேகா.

ராசம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினாள். தங்கராசுதான் போட்டார்.

புரட்டாசியில் இரண்டாம் கட்டத்துக்கு ஆள் வந்தார். ரேகா இல்லை, அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். இவர் நரைத்த மீசைக்காரர், சாந்தமானவர். வரப்பில் நின்று டேப்பைப் பார்த்தார்.

"அஞ்சம்மாள் யாருங்க?"

"இல்ல," என்றாள் ராசம்மாள்.

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில வாரத்துக்கு ரெண்டு நாளு மிஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. இனிமே உப்பளத்துக்கு வரமாட்டா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். 'பதிலளிப்பவர் இடத்தில் இல்லை' என்பதை அழுத்தினார். திரை காரணம் கேட்டது. இடம்பெயர்வு, வேறு வேலை, விருப்பமின்மை என்று மூன்றுதான் இருந்தன. கொஞ்சநேரம் யோசித்து, விருப்பமின்மை என்று போட்டார்.

ஒருத்திக்கு உடம்பு முடியாத அன்றைக்குக் கூலி சரிபாதி என்பது அந்த உப்பளத்து வழக்கம். அது எத்தனை நாள்வரைக்கும் என்று வழக்கத்தில் சொல்லவில்லை. ஆகவே ராசம்மாள் தன் கூலியில் பாதியை அஞ்சம்மாளுக்கு இன்னமும் கொடுத்துக்கொண்டிருந்தாள். புது ஜோடி சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கராசு இரண்டுமுறை சொல்லிவிட்டார். சேர்த்தால் அந்தப் பாதி புது ஜோடிக்குப் போய்விடும். அதனால் வழியில் போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொல்லித்தான் அவளுடைய நடை நடந்துகொண்டிருந்தது.

"வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கூடையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுட்டுப் போங்க," என்றாள்.

நரைத்த மீசைக்காரர் கூடையைப் பார்த்தார். குனியப்போனவர் நிமிர்ந்துவிட்டார்.

"பங்கேற்கிறவங்களுக்கு நாங்க உதவி செய்யக் கூடாதுங்கம்மா. முடிவு மாறிடும்," என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டு, அடுத்த பாத்திக்குப் போனார்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ராசம்மாள் சும்மாட்டைத் தலையில் வைத்தபடி கூடைக்குப் பக்கத்தில் நின்றாள். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து பாத்திக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.